இறக்கி வைத்த எட்டுப் பெட்டிகள்

என் அண்ணியோடு வெளியே கிளம்புவதைவிட வீட்டிலேயே கிடப்பது மேல். பக்கத்துத் தெருவுக்குப் போனாலும் இரண்டு குடை, ஒரு சால்வை, காய்ச்சல் மாத்திரை, மாற்றுச் செருப்பு என்று ஒரு குடித்தனத்தையே பைக்குள் அடைத்துக்கொள்வாள். ரயிலைப் பிடிக்க வேண்டுமென்றால் அதற்கு முந்தைய ரயில் கிளம்புவதற்குள் எங்களைக் கொண்டுபோய் பிளாட்பாரத்தில் உட்கார வைத்துவிடுவாள். "உங்க அண்ணி கல்யாணத்தப்போ இன்னொரு மாப்பிள்ளையையும் ஸ்பேரா வச்சிருந்திருப்பா. நான் வெறும் ஒரிஜினல், காப்பி எங்கயோ பத்திரமா இருக்கு" என்பான் அண்ணன். ஜெராக்ஸ் கடை வைத்திருப்பவனுக்கு வேறு என்ன நகைச்சுவை வரும்?

அண்ணியும் நானும் ஒரே விமானக் கம்பெனியில் வேலை பார்க்கிறோம். எனக்கு அந்த வேலையை வாங்கிக் கொடுத்தவள் அவள்தான். அதை மறக்கவும் விடமாட்டாள். நான் முன்னால் கவுன்டரில் நின்று பயணிகளின் பெட்டிகளை எடை போட்டு, சீட்டு ஒட்டி, சிரித்து அனுப்புகிறவள். அண்ணி பின்னால், ஜன்னல் இல்லாத ஓர் அறையில் மூன்று கணினித் திரைகளுக்கு நடுவே உட்கார்ந்திருப்பாள். எங்களுடையது சின்னக் கம்பெனி. எந்த விமானத்துக்கு எவ்வளவு எரிபொருள், எத்தனை பேர், எவ்வளவு சாமான் என்று கணக்குப் போடுவது எல்லாம் அவள் ஒருத்தியே. சாமான் ஏற்றுகிற ஆட்கள் அவளுக்கு 'தராசு' என்று பேர் வைத்திருந்தார்கள். முகத்துக்கு நேராகவே கூப்பிடுவார்கள். அவளும் திரும்பிப் பார்ப்பாள்.

அந்த வேலையில் முக்கால்வாசித் தலைவலி விமானம் இறங்குவதில்தான். எவ்வளவு எடையோடு எழும்பலாம் என்பதற்கு ஓர் அளவு இருக்கிறது. எவ்வளவு எடையோடு இறங்கலாம் என்பதற்கு வேறோர் அளவு. அது இன்னும் குறைவு. இறங்கும்போது மொத்த எடையும் சக்கரத்தில் வந்து உட்காரும், அதற்கப்புறம் பிரேக் பிடித்து நிற்கவும் வேண்டும். நெடுந்தூரம் போகிற விமானம் வழியில் எரிபொருளை எரித்துத் தானாகவே இளைத்துவிடும். எங்கள் மலை ஊர் விமானம் முக்கால் மணி நேரம்கூடப் பறப்பதில்லை. அதற்கு இளைக்க ஏது நேரம்? போதாததற்கு அந்த ஊர் ஓடுபாதை குட்டை, ஒரு முனை பள்ளத்தாக்கில் போய் முடிகிறது. மழையில் நனைந்துவிட்டால் பிரேக் சரியாகப் பிடிக்காது. இறங்கும் எடையை இன்னும் குறைக்க வேண்டும். அப்போதெல்லாம் அண்ணி வயர்லெஸ்ஸை எடுத்து "இறக்குங்க" என்பாள். எதையாவது இறக்குவார்கள்.

அவள் பிறவியிலேயே இப்படிப் பயந்தவள் இல்லை என்று அண்ணன் சொல்வான். வேலைக்குச் சேர்ந்த புதிதில் புத்தகத்தில் உள்ளபடி, ஒரு சொட்டு கூடாமல் குறையாமல், எரிபொருள் எழுதிக் கொடுத்திருக்கிறாள். மலை ஊரில் மேகம் மூடி, விமானம் சுற்றிச் சுற்றி ஒருவழியாக இறங்கியது. யாருக்கும் ஒரு கீறல் இல்லை. திரும்பி வந்த கேப்டன் அவள் மேஜையில் தொப்பியைக் கழற்றி வைத்துவிட்டு, "இன்னும் ரெண்டு சுத்து சுத்தியிருந்தா இந்தத் தொப்பிய என் வீட்டுல வேற யாராவது கொண்டுபோய்க் கொடுத்திருக்கணும்" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனாராம். அன்று வீட்டுக்கு வந்தவள் குளியலறையைவிட்டு வெகுநேரம் வெளியே வரவில்லை. அதற்கப்புறம்தான் இரண்டு குடை, முந்தைய ரயில் எல்லாம் ஆரம்பித்தது.

வேலையிலும் அவள் இப்படிக் கூடுதல் எரிபொருளை மறைத்து வைக்க ஆரம்பித்தாள். விமானம் இறங்க முடியாமல் போனால் திரும்பி ஒதுங்குவதற்கு வேறோர் ஊரைக் கணக்கில் எழுத வேண்டும். பக்கத்தில் ஓர் ஊர் இருக்கும்போது தூரத்து ஊரை எழுதுவாள். அந்தத் தூரத்துக்கான எரிபொருள் தானாகவே சேர்ந்துகொள்ளும். கேட்டால் விதிப்படிதான் இருக்கும். இதில் அவள் மட்டும் கள்ளி இல்லை. மழை என்றால் கேப்டன்மாரும் தங்கள் பங்குக்குக் கொஞ்சம் கூட்டிக் கேட்பார்கள். எரிபொருள் ஊற்றுகிற லாரிக்காரர்கூட மீட்டரைக் கொஞ்சம் தாராளமாக ஓடவிடுவார். ஆனால் ஒருவர் போட்டதை இன்னொருவரிடம் வாய்விட்டுச் சொல்ல மாட்டார்கள். சொன்னால் மற்றவர் தன் பங்கைக் குறைத்துவிடுவார் என்று பயம். ஒரே குழம்பில் வீட்டில் மூன்று பேர் ஒருவருக்குத் தெரியாமல் ஒருவர் உப்புப் போடுகிற கதைதான். எல்லாம் நல்ல எண்ணத்தில் போட்ட உப்பு.

இந்த லட்சணத்தில்தான் அந்த மழைக்காலக் காலையில் மலை ஊர்க்காரத் தம்பதி என் கவுன்டருக்கு வந்தார்கள்.

அவருக்கு ஐம்பது ஐம்பத்தைந்து வயது இருக்கும். ஒல்லி. சட்டைக் காலர் கழுத்தைச் சுற்றித் தளர்ந்து நின்றது. அவருக்குச் சிறுநீரகம் இரண்டும் போய்விட்டது. வயிற்றில் ஒரு குழாய் வைத்திருந்தார்கள்; அதன் வழியாக ஒரு திரவத்தை உள்ளே விட்டு, சில மணி நேரம் கழித்து உடம்பின் கழிவுநீரோடு வெளியே எடுக்க வேண்டும். நாளுக்கு நாலு தடவை, வீட்டிலேயே. அந்தத் திரவப் பைகள்தான் எட்டு அட்டைப் பெட்டிகளில் வந்திருந்தன. ஒவ்வொன்றும் பன்னிரண்டு கிலோ. வழக்கமாக மருந்துக் கம்பெனி லாரியில் வீட்டுக்கே வந்துவிடுமாம். மண் சரிந்து மலைப்பாதை அடைத்துக் கிடந்ததால், வீட்டிலிருந்த கடைசிப் பைகளோடு இவர்களே விமானத்தில் வந்து எடுத்துப் போகிறார்கள். பாதுகாப்பு சோதனையில் ஒரே ஒரு பையை மட்டும் கையோடு கொண்டுபோக விட்டார்கள்.

"நான் அம்பத்தெட்டு கிலோதான் தங்கச்சி. என் சாப்பாடு என்னைவிடக் கனம்" என்று சொல்லி அவரே சிரித்தார். அவர் மனைவி சிரிக்கவில்லை. பெட்டிகள் ஒவ்வொன்றாக ஓடுகிற ரப்பர்ப் பட்டையில் ஏறி உள்ளே போகிறவரை கண்ணெடுக்காமல் பார்த்தார். "இது எங்க கூடவே வந்துடும்ல?" என்றார். ஒவ்வொரு பெட்டியிலும் மருந்து என்று சிவப்புச் சீட்டு ஒட்டியிருந்தேன். "கூடவே வரும்க்கா, கவலைப்படாதீங்க" என்றேன்.

விமானத்தில் ஒரு சீட்டுகூடக் காலி இல்லை. மலை ஊரில் விடிந்ததிலிருந்து மழை. ஈர ஓடுபாதைக்கான அளவில், நூல் பிடித்தாற்போல அண்ணி கணக்கை முடித்துவிட்டாள். எல்லோரும் உள்ளே ஏறிக்கொண்டிருந்தபோது கேப்டன் வயர்லெஸ்ஸில் கூப்பிட்டார். அங்கே சுற்ற வேண்டியிருக்கும் போலிருக்கிறது, இன்னும் இருநூற்றைம்பது கிலோ எரிபொருள் வேண்டும் என்றார்.

அதே சுற்றலுக்கென்று, அதே அளவை, தூரத்து ஊர்க் கணக்கில் அண்ணி ஏற்கெனவே மறைத்து வைத்திருந்தாள். அதைச் சொல்லியிருந்தால் விஷயம் அங்கேயே முடிந்திருக்கும். அவள் சொல்லவில்லை. இருக்கட்டும், இரண்டும் இருக்கட்டும் என்று நினைத்தாள். "சரி சார், ஊத்திக்கோங்க" என்றாள். இருநூற்றைம்பது கிலோ ஏறினால் இருநூற்றைம்பது கிலோ இறங்க வேண்டும்.

என்ன இறக்குவது என்பதற்கும் அவளிடம் ஒரு முறை உண்டு. அதில் அவளுக்குக் கொஞ்சம் பெருமையும் உண்டு. நாற்பது பேருடைய சின்னப் பைகளை எடுத்து நாற்பது பேர் வயிற்றெரிச்சலைக் கொட்டிக்கொள்வதைவிட, கனமாகக் கொண்டுவந்த ஒன்றிரண்டு பேருடையதை எடுப்பது நல்லது என்பாள். அன்று ஒரு கடைக்காரரின் உதிரிபாக மூட்டைகளும் இந்த எட்டுப் பெட்டிகளும் கணக்குக்குக் கச்சிதமாக வந்தன. ஏற்றுகிற ஆள் தயங்கியிருக்கிறார். "தராசக்கா, இதுல செவப்புச் சீட்டு இருக்கே?"

"மதியம் ஒரு ஃப்ளைட் இருக்குல்ல? அதுல முதல்ல ஏத்திடலாம். இறக்குங்க."

விமானத்துக்குள் உட்கார்ந்திருப்பவர்களிடம் இதைச் சொல்வதில்லை. சொன்னால் எழுந்து நின்று கத்துவார்கள், விமானம் தாமதமாகும். அங்கே போய் இறங்கியதும் அந்த ஊர் ஏஜென்ட் மன்னிப்புக் கேட்டுக்கொள்வார். இதுதான் எங்கள் கம்பெனி வழக்கம். எனக்குத் தெரிந்து எல்லாக் கம்பெனிகளின் வழக்கமும் இதுதான். எனக்கே விமானம் அங்கே போய் இறங்கிய பிறகுதான் தெரிந்தது. கொட்டகையோரம் எட்டுப் பெட்டிகளும் அடுக்கி வைக்கப்பட்டிருந்தன. எனக்கு வந்த கோபத்துக்கு அளவே இல்லை. நேராக அண்ணியின் அறைக்குப் போனேன்.

"மனுஷன் அத வச்சுத்தான் உயிரோட இருக்கார். உங்களுக்கு வேற மூட்டையே கெடைக்கலையா?"

"சாயங்காலத்துக்குள்ள அவர் கையில இருக்கும்டி. நீ கத்தாத."

நான் கத்திக்கொண்டிருக்கும்போதே வானிலைத் திரையில் மலை ஊர் மஞ்சளாகி, பிறகு சிவப்பானது. காலை விமானம் எப்படியோ தப்பித்துத் திரும்பி வந்துவிட்டது. மதிய விமானத்தை ரத்து செய்தார்கள்.

திரும்பி வந்த கேப்டன் உற்சாகமாக உள்ளே நுழைந்தார். நல்ல மனுஷன்தான். "மேடம், நம்ப மாட்டீங்க. ஒரு சுத்துகூடச் சுத்தல. நேராப் போய் இறங்கிட்டேன். ஊத்தின எண்ணெய் அப்படியே கெடக்கு."

அண்ணி திரையிலிருந்து திரும்பினாள். "நானும் போட்டிருந்தேன் சார்" என்றாள்.

"என்னது?"

"நீங்க கேட்ட அதே அளவு. முன்னாடியே போட்டிருந்தேன்."

"அப்பவே சொல்லியிருக்கலாமே மேடம்?"

"சொல்லியிருந்தா நீங்க கேட்டதை வேணாம்னு சொல்லியிருப்பீங்க."

"ஆமா. அதுக்குத்தானே சொல்லணும்?" என்றார் அவர். எட்டுப் பெட்டி விஷயம் அப்போது அவருக்குத் தெரியாது. நான்தான் சொன்னேன். நாற்காலியை இழுத்து உட்கார்ந்தவர் எழுந்து போகவே இல்லை.

அன்று மாலையிலிருந்து அந்த மலை ஊர் அம்மாவின் போன் எனக்கு வர ஆரம்பித்தது. கவுன்டரில் நான் என் நம்பரைக் கொடுத்திருந்தேன். முதலில் அதட்டினார். அப்புறம் கெஞ்சினார். அப்புறம் வெறுமனே செய்தி சொன்னார்: கையில் இருந்த ஒரு பையும் முடிந்தது, எவ்வளவு குறைத்துக் குடித்தாலும் தண்ணீர் உடம்பிலேயே தங்குகிறது, கால் வீங்குகிறது. அந்த ஊர் ஆஸ்பத்திரியில் இதற்கான மெஷினும் இல்லை, திரவமும் இல்லை. மறுநாளும் மேகம் விலகவில்லை. அண்ணி தெரிந்தவர், தெரியாதவர் எல்லோருக்கும் போன் போட்டாள். ஹெலிகாப்டர் வைத்திருப்பவர்கள் இந்த மேகத்தில் முடியாது என்று கையை விரித்தார்கள். சாலை வேலை பார்க்கும் இன்ஜினியர், மண்ணை அள்ள அள்ள மேலும் சரிகிறது என்றார். அந்தப் பக்கம் நடந்தே தூக்கிப்போக ஆள் கிடைப்பார்களா என்றுகூடக் கேட்டாள். பாதையே இல்லை, எங்கே நடப்பது என்று அவர் எரிந்து விழுந்தார்.

வீட்டிலும் அவள் போனும் கையுமாகவே இருந்தாள். அண்ணன் தன் பாணியில் ஏதோ ஜோக் சொல்லிப் பார்த்தான். நான் முறைத்ததும் வாயை மூடிக்கொண்டான். "விதிப்படிதானே செஞ்ச? உன் மேல யாரும் ஒரு கேள்வி கேக்க முடியாது" என்று சமாதானம் சொன்னான். "அதான் பயமா இருக்கு. யாரும் கேக்கவே மாட்டாங்க" என்றாள் அண்ணி. எனக்கு அவள்மேல் கோபம் தீரவில்லை. ஆனாலும் அவள் தட்டில் சாப்பாடு ஆறிக் கிடந்ததைப் பார்க்கச் சகிக்கவில்லை.

மூன்றாம் நாள் காலையில் மேகம் பிளந்தது. எட்டுப் பெட்டிகளையும் முதலில் ஏற்றச் சொல்லிவிட்டு, அப்புறம்தான் மற்ற சாமான்களைத் தொட விட்டாள். கேப்டனைக் கூப்பிட்டு, தான் கூட்டி வைத்திருப்பது எவ்வளவு, எதற்காக என்று கிலோ கிலோவாக ஒப்பித்தாள். அவர் தன் பங்கு எதுவும் வேண்டாம் என்றார்.

ஆனால் பெட்டி அந்த மலை ஊர்க்காரருக்கு அங்கே பயன்படவில்லை. மூச்சு வாங்க ஆரம்பித்திருந்தது. அதே விமானத்தில் அவரைக் கீழே கொண்டுவந்து பெரிய ஆஸ்பத்திரியில் சேர்க்க வேண்டும் என்று அங்கிருந்த டாக்டர் எழுதிக் கொடுத்துவிட்டார். குட்டை ஓடுபாதையிலிருந்து எழும்ப வேண்டுமே. ஸ்ட்ரெச்சரில் வருபவரின் எடை சரியாகத் தெரிந்தாக வேண்டும். அண்ணி அந்த ஊர் ஏஜென்டுக்குப் போன் போட்டாள். நான் பக்கத்தில் நின்றிருந்தேன். ஸ்பீக்கரில் போட்டிருந்தாள்.

"பேஷன்ட் எவ்வளவு வெயிட்?"

"இப்ப பாத்தோம் மேடம். அறுபத்தாறு."

"அம்பத்தெட்டு" என்றேன் நான், என்னையறியாமல். அவரே என்னிடம் சொன்னது.

"அது முந்தி. தண்ணி வெளியேறல இல்லீங்களா. உடம்பு பூரா நின்னுபோச்சு. எட்டு கிலோ."

அண்ணி அறுபத்தாறு என்று தட்டினாள். அவள் கணக்கில் ஆண், பெண், குண்டு, ஒல்லி எல்லோருமே எழுபத்தைந்து கிலோதான்; சராசரி. ஒரு மனிதரின் சொந்த எடையை அவள் எழுதியது அன்றுதான் முதல் தடவை என்று நினைக்கிறேன். தட்டி முடித்துவிட்டு விரல்களை மடியில் வைத்துக்கொண்டாள். "நான் இறக்கினது அவர் உடம்புல ஏறிடுச்சுடி" என்றாள்.

விமானம் வந்ததும் அண்ணி எழுந்து என்னோடு வெளியே வந்தாள். வேலை நேரத்தில் அவள் அந்த அறையைவிட்டு வந்து நான் பார்த்ததில்லை. வெயிலில் கண்ணைச் சுருக்கிக்கொண்டு நின்றாள். ஆம்புலன்ஸ் பின்கதவைத் திறந்து காத்திருந்தது. ஸ்ட்ரெச்சரை நாலு பேர் இறக்கினார்கள். அவரை எனக்கு அடையாளமே தெரியவில்லை. கண் இரண்டும் வீக்கத்தில் புதைந்திருந்தன. தளர்ந்து கிடந்த அந்தக் காலர் கழுத்தில் இறுகி, பொத்தானைக் கழற்றி விட்டிருந்தார்கள். அவர் பிழைத்துக்கொண்டார் என்பதை இங்கேயே சொல்லிவிடுகிறேன். பல வாரம் ஆஸ்பத்திரியில் கிடந்து, இதயம் பலவீனமாகிப் பிழைத்தார். அன்று அங்கே நின்ற எங்களுக்கு அது தெரியாது.

அந்த அம்மா என்னை அடையாளம் கண்டுகொண்டார். "நீதானேம்மா?" என்றார். நான் தலையைக் குனிந்துகொண்டேன். திட்டட்டும், நாலு அறை அறையட்டும் என்று இருந்தது. அதற்குள் அண்ணி எனக்கு முன்னால் வந்து நின்றாள்.

"அவ இல்லீங்க. பெட்டிய இறக்கச் சொன்னது நான்."

அந்த அம்மா அண்ணியை மேலும் கீழும் பார்த்தார். "எதுக்கும்மா?"

ஈர ஓடுபாதை, இறங்கும் எடை, எல்லாவற்றையும் சொல்ல அண்ணி வாயெடுத்தாள். எல்லாமே உண்மை, எல்லாமே விதி. ஆனால் அதையெல்லாம் விட்டுவிட்டாள். "எடை கூடிப்போச்சு. பயந்துபோய் நான்தான் எண்ணெய அதிகமாப் போட்டுட்டேன். எதையாவது இறக்க வேண்டி வந்துச்சு. மதியம் அனுப்பிடலாம்னு நெனச்சேன்" என்று முடித்தாள்.

அந்த அம்மாவுக்குக் கோபம் வரும் என்று காத்திருந்தோம். அவர் ஏதோ எளிய கணக்கு புரியாதவர்போலக் கேட்டார்.

"எடைதான் கஷ்டம்னா எங்ககிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே? நாங்க ரெண்டு பேரும் இறங்கியிருப்போமே. பெட்டியோட இங்கயே எங்கயாவது கெடந்திருப்போம். அவருக்கு ஊருக்குப் போகணும்னு என்ன? அவருக்குப் பெட்டிதானே வேணும்?"

ஆம்புலன்ஸ்காரர் அவசரப்படுத்தினார். அந்த அம்மா ஏறிக்கொண்டார். கதவை அடைத்துக்கொண்டு வண்டி போய்விட்டது. ஆட்கள் ஏணியை நகர்த்திக்கொண்டிருந்தார்கள். அண்ணியைக் கையைப் பிடித்து இழுத்தேன், வரவில்லை. உதடு அசைந்துகொண்டிருந்தது. கணக்குப் போடுகிறாள் என்று புரிந்தது. எனக்கு எரிச்சலாக வந்தது. இப்போதுமா?

"ரெண்டு பேர், நூத்தம்பது. எட்டுப் பெட்டி, தொண்ணூத்தாறு. இருநூத்தி நாப்பத்தாறு" என்றாள். "நாலு கிலோதான்டி குறையுது. கடைக்காரர் மூட்டையில ஒண்ண எடுத்திருந்தா போதும்."

"சரி விடுங்க அண்ணி."

"எதையெல்லாம் இறக்கலாம்னு அத்தனையும் யோசிச்சேன். அவங்களக் கேக்கலாம்னு மட்டும் எனக்குத் தோணவே இல்ல" என்று சொல்லிவிட்டு, சாமான் ஏற்றுகிற ஆட்கள் அத்தனை பேர் முன்னாலும் அழுதாள்.